சனீஸ்வரனைச் சுரண்டியவன்

சென்னை மாநகரத்தில் சுரண்டி கை வைக்காமல் விட்ட ஒரே பொருள் வானம்தான். அதையும் மனமிரங்கி விடவில்லை, ஏணி எட்டவில்லை.

அவனுக்கு இயற்பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நந்தனத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மூன்று வருடம் அவனோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவன் நான். எனக்கே அது நினைவில்லை. வார்டன் உட்பட எல்லோருக்கும் அவன் சுரண்டிதான். மற்ற மாணவர்களின் சட்டைப் பையில் பேனா இருக்கும். இவன் பையில் மூங்கிலைச் சீவிச் செய்த ஒரு பட்டையும், முனை மழுங்கிய ஒரு தகரத் துண்டும், பல் தேய்த்து ஓய்ந்த ஒரு பிரஷ்ஷும் இருக்கும். தேர்வு எழுதப் பேனாவை என்னிடம் வாங்கிக்கொள்வான். திருப்பித் தரும்போது அதில் இருந்த கம்பெனிப் பெயர் காணாமல் போயிருக்கும்.

ஆள் குச்சி மாதிரி இருப்பான். நெற்றி நிறைய விபூதி. காவிரிக் கரைப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன், ஆறே மாதத்தில் சைதாப்பேட்டைப் பையன்களிடமிருந்து ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தன் பக்தியோடு கலந்துவிட்டான். காலையில் மெஸ்ஸுக்குள் நுழையும்போதே, "சிவாயநம மச்சி, இன்னா இன்னிக்கு, பொங்கலா?" என்பான். போனை எடுத்தாலும் சிவாயநம, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டாலும் சிவாயநம. ஒரு முறை கண்டக்டர், "அது எந்த ஸ்டாப்பிங் தம்பி?" என்று கேட்டார்.

முதல் வருடமே எங்கள் அறைச் சுவரில் ஒரு சின்னப் பொருக்கைப் பார்த்தான். அதை எடுக்க ஆரம்பித்தவன் மூன்று நாளில் சுவரின் பாதியை எடுத்துவிட்டான். பச்சைக்குள் நீலம், நீலத்துக்குள் மஞ்சள், அதற்குள்ளே வெள்ளை. கடைசியில், எங்களுக்கு முன்னால் என்றோ அங்கே இருந்த எவனோ ஒருவன் பென்சிலால் எழுதிய காதல் கடிதம் வெளிப்பட்டது. விடுதியே வரிசையில் நின்று படித்தது. வார்டனும் வந்தார், படித்தார், "கையெழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் அபராதம் போட்டார். நான் செய்த குற்றம், அந்த நேரத்தில் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது தோசைக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ் மாஸ்டர் கோயம்பேடு வரை காய் வாங்கப் போயிருந்த நேரம், சமையலறையில் சும்மா கிடந்த கல் சுரண்டியின் கண்ணில் பட்டுவிட்டது. எத்தனையோ வருட எண்ணெய் ஏறிக் கறுத்து மினுமினுத்த கல். மாஸ்டர் திரும்பி வந்தபோது அது கண்ணாடி மாதிரி இருந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம். மாஸ்டர் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடப் பாவி! அது அழுக்கு இல்லடா! பழகின கல்லுடா அது! எத்தினி வருசமா என் கையில பழகின கல்லு!"

அதற்குப் பிறகு ஒன்பது நாள் எந்தத் தோசையும் அந்தக் கல்லைவிட்டு முழுசாக வரவில்லை. ஒன்பது நாளும் விடுதி முழுக்க உப்புமா. நூற்றுச் சொச்சம் பேர் அவனை அடிக்கத் தேடினார்கள். அவனோ மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பாசியைச் சுரண்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

மேற்கு மாம்பலத்தில் என் அத்தை வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிடக் கூட்டிப்போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் அது மூன்றாவது. அத்தை வீட்டில் எந்தப் புதுப் பொருளிலும் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மாட்டார்கள். டி.வி. ரிமோட், வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாம் கடையில் இருந்த கோலத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தன. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சுரண்டி ரிமோட்டை முடித்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பாதி உரித்திருந்தான். அந்தத் தாள் உரியும் சத்தத்தில் அவன் முகத்தில் வந்த ஆனந்தத்தை நான் பார்த்தேன். அத்தை முகத்தையும் பார்த்தேன். அன்றைக்கு எங்களுக்குப் பாயசம் இல்லை.

இப்படிப்பட்டவன் தலைமையில்தான் எங்கள் விடுதியில் உழவாரக் குழு நடந்தது. செமஸ்டர் லீவு விட்டதும் ஊருக்கு ஊர் கோயில்களுக்குப் போய், மதில் மேல் முளைத்த செடிகளைப் பிடுங்கி, ஒட்டடை அடித்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, பாத்திரங்களைத் துலக்கிக் கொடுத்துவிட்டு வருவதற்கு உழவாரப் பணி என்று பேர். அந்தப் பேர் வந்தது ஒரு கருவியால். அகன்ற தட்டை வாயும் நீண்ட பிடியும் கொண்ட, புல் செதுக்கும் கருவி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் வாசல்களைச் செதுக்கிச் சுத்தம் செய்த அடியாரை நீங்கள் சிலையாகப் பார்த்திருப்பீர்கள். மற்ற பையன்கள் கட்டிலுக்கு மேல் கிரிக்கெட் வீரர்களை ஒட்டி வைத்திருந்தார்கள். சுரண்டியின் கட்டிலுக்கு மேல் ஓர் உழவாரம் தொங்கியது. சிலையைப் பார்த்து வரைந்து கொண்டுபோய், சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பட்டறையில் அடித்து வாங்கியது. அந்த அடியாரை அவன் பேர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "தலைவரு" என்பான்.

குழுவில் ஏழு பேர். பக்திக்காக வந்தவன் சுரண்டி ஒருவன்தான். லீவில் வீட்டுக்குப் போனால் எத்தனை அரியர் என்று அப்பா கேட்பார், கோயிலுக்குப் போகிறேன் என்றால் கேட்க மாட்டார் என்பதற்காக நான் போனேன். மயிலாப்பூர்க்காரன் ஜோசப், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், புளியோதரைக்காக வந்தான். "எனக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான் மச்சி, புளியோதரை குடுக்கறவர் கொஞ்சம் கிட்ட" என்பான்.

அந்த வருடம் ஏழு நாள் பயணம், கும்பகோணம் பக்கம் ஒரு பெரிய கோயில். வேன் பிடித்தோம். பாய், தலையணை, துடைப்பம், வாளி, சீயக்காய், அரிசி மாவு, ஒரு அண்டா புளியோதரை. விடுதி வாசலில் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, வார்டனே கையசைத்து வழியனுப்பினார். அவர் கண்ணில் தெரிந்த நிம்மதியை இன்றும் மறக்க முடியாது. ஏழு நாள் சுரண்டி இல்லாத விடுதி!

வேன் அண்ணா சாலையில் கம்பீரமாகக் கிளம்பியது. சைதாப்பேட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு முறை இருமியது. அப்புறம் நின்றது. மெக்கானிக் வந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "நாலு நாள் ஆவும்" என்றார். கும்பகோணத்துக்குக் கிளம்பிய நாங்கள் கடந்திருந்த தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர். விடுதி மாடியில் காயப்போட்ட எங்கள் வேட்டியே கண்ணுக்குத் தெரிந்தது என்று ஜோசப் இன்றும் சாதிப்பான்.

"சரி, திரும்பிப் போய்ப் புளியோதரையை விடுதியிலயே சாப்பிட்டுக்கலாம்" என்றேன் நான்.

சுரண்டி வேனின் படியில் ஏறி நின்றான். அவனுக்கு ஒரு சட்டம் உண்டு, அதை அவனேதான் இயற்றியிருந்தான். உழவாரம் வாசலைத் தாண்டி வெளியே போனால், மண் ஒட்டாமல் திரும்பி வரக்கூடாது.

"சுத்தமா எடுத்துக்கினு போனத சுத்தமாவே எடுத்துக்கினு வந்தா தலைவருக்கு அவமானம் மச்சி. சைதாப்பேட்டையில சிவன் இல்லியா இன்னா?"

இருந்தார். மார்க்கெட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், இரண்டு மெக்கானிக் ஷெட்டுக்கு நடுவே, ஒரு சின்னப் பழைய கோயில். மதிலில் அரசங்கன்று, உள்ளே வௌவால். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் திறப்பார்கள். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு குருக்கள் ஸ்கூட்டரில் வந்து பூஜை செய்துவிட்டுப் போவார். வாளியும் துடைப்பமுமாய் ஏழு பேர் நிற்பதைப் பார்த்து அவர் முதலில் பயந்தார். விஷயம் தெரிந்ததும் சாவியையே எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

"எதை வேணும்னாலும் தேய்ங்கோ. அந்த மூலையில நிக்கறாரே சனீஸ்வரன், அவர்கிட்ட மட்டும் போகாதீங்கோ. அவர் அவர்பாட்டுக்கு இருந்துண்டு இருக்கார், நாம நம்மபாட்டுக்கு இருந்துண்டு இருக்கோம்."

மூலையில் பார்த்தேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்பு மொத்தை. மேலே எண்ணெய் விரல் கனத்துக்குப் படிந்து, சுற்றிய கறுப்புத் துணியும் அதிலேயே ஊறி, கண் மூக்கு எதுவும் தெரியவில்லை. காலடியில் பிற்காலத்துப் புண்ணியவான் ஒருவர் சிமென்டில் செய்து வைத்த காகம். அது சனீஸ்வரன் என்பதற்கு அந்தக் காகம் ஒன்றுதான் சாட்சி. சுரண்டியும் பார்த்தான்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் மல்லிகாக்கா வந்தார். சைதாப்பேட்டை ரயிலடியில் பூக்கட்டி விற்பவர். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் குடியிருப்புக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் வியாபாரத்துக்கு இங்கேதான் வருவார். சனிக்கிழமை தவறாமல் அந்த மூலைக்கு எள் விளக்கு.

"எம் பொண்ணு ரேவதிக்காகத்தான் தம்பி. போலீஸ் வேலைக்குப் பரீச்சைலாம் எய்திட்டா. ஓட்டத்துலதான் போவுது. மொத தபா அஞ்சு செகண்டு லேட்டு, ரெண்டாந் தபா மூணு செகண்டு. ஏழரை புட்ச்சிக்கினு கீது அத்த. நாப்பத்தெட்டு வாரம் ஏத்தறேன்னு வேண்டிக்கினேன். நாப்பத்தேழு ஆயிடுச்சு. நாளன்னிக்கோட முடியுது. திங்கக்கெயம அதுக்கு ஓட்டம். வயசு தாண்டிடும் தம்பி, இதான் கடைசி."

சொல்லிவிட்டு சுரண்டியின் கையில் இருந்த மூங்கில் பட்டையைப் பார்த்தார்.

"கோயில நல்லாக் கயுவுங்கோ. இவர மட்டும் ஒண்ணியும் பண்ணிடாதீங்க நைனா. கோவக்காரரு."

"சிவாயநம அக்கா. கையே வெக்க மாட்டேன்" என்றான் சுரண்டி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே சொன்னான். மனசாரத்தான் சொன்னான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்றரை நாளில் அந்தக் கோயிலை உண்டு இல்லை என்று ஆக்கினோம். அரசங்கன்றை வேரோடு எடுத்தோம், வௌவால்களுக்கு இடமாற்றம் கொடுத்தோம், குத்துவிளக்குகள் புளியிலும் சாம்பலிலும் புதுசாகிவிட்டன. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்துவிட்டது. புளியோதரையில் மிச்சம் இருந்ததை முடித்துவிட்டு எல்லோரும் மண்டபத்துக் குளிர்ச்சியில் காலை நீட்டினோம். சுரண்டிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. செய்ய வேலை இல்லாத சுரண்டியைத் தனியே விடுவது, குழந்தை கையில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடினேன். என் இரண்டாவது பெரிய தவறு அது.

சரக், சரக் என்று சத்தம் கேட்டு எழுந்தேன். மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், சத்தியம் பண்ணியேடா!"

"கட்ட வெரல் மட்டுந்தான் மச்சி. பாவமா இருந்துச்சு."

கறுப்பு மொத்தையின் அடியில், ஒரே ஒரு கால் கட்டை விரல் மட்டும் சாம்பல் நிறக் கல்லாகப் பளபளத்தது. அழகான விரல், நகம்கூட இருந்தது. பிரச்சினை என்னவென்றால், ஒரு விரலை மட்டும் அப்படி விட முடியாது. மல்லிகாக்கா முதலில் பார்ப்பதே அதைத்தான். மற்ற விரல்களையும் சேர்த்துவிட்டால் வித்தியாசம் தெரியாது என்றான் சுரண்டி. அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. விரல்கள் முடிந்ததும் பாதம் உறுத்தியது. பாதம் முடிந்ததும் கணுக்கால். ஜோசப் எழுந்து வந்து திட்டினான். திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தான். நான் சீயக்காயையும் அரிசி மாவையும் குழைத்துக் கொடுத்தேன். என் முதலாவது பெரிய தவறு இதுதான்; எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கும் ஆசை எங்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. துணியை அவன் அவிழ்க்கவில்லை, பெயர்த்தான். கல்லில் இரும்பு படக்கூடாது என்று மூங்கிலாலேயே, நாலு மணி வரை.

முகம் வந்தது. மழித்த தலை. சிரித்த முகம். மார்புக்கு முன்னால் கைகள் இரண்டும் குவிந்திருந்தன.

"சனீஸ்வரன் யாரைடா கும்புடறாரு?" என்றான் ஜோசப்.

சுரண்டி இன்னும் கிட்டே நகர்ந்தான். தோள் பக்கம் கடைசிப் பொருக்கை எடுத்தான். நீண்ட பிடி. அகன்ற தட்டை வாய். தூணில் சாய்த்து வைத்திருந்த தன் உழவாரத்தைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி சிலையைப் பார்த்தான். அச்சு அசல் அதேதான். மூங்கில் பட்டை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"மச்சி... தலைவரு."

ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை. கும்பகோணம் வரை தேடிப்போகக் கிளம்பியவனை, வேனை நிறுத்தி, விடுதிக்கு இரண்டு கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது ஜோசப் மெதுவாகச் சொன்னான்: "நாளைக்குச் சனிக்கிழமை."

நாற்பத்தெட்டாவது வாரம். அந்தம்மா விளக்கோடு வருவார். சனீஸ்வரன் இல்லை.

ஐந்து மணிக்குக் குருக்கள் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமாடா! இருபத்திரண்டு வருஷமா இவருக்குச் சனி காயத்ரி சொல்லிண்டிருந்தேனே! இவரும் கேட்டுண்டே நின்னிருக்காரே, ஒரு நாளாவது நான் அவன் இல்லைன்னு சொல்லப்படாதோ!"

கூடி யோசித்தோம். கறுப்பு ஷூ பாலிஷ் நாலு டப்பா இருந்தால் போதும் என்றான் ஜோசப். கரி பிடித்து எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டால் இரண்டு வருடத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார் குருக்கள். நாளைக்கு மட்டும் கதவைப் பூட்டி 'பராமரிப்புப் பணி' என்று எழுதி ஒட்டலாம் என்றேன் நான். சுரண்டி எதற்கும் தலையாட்டவில்லை.

"பூசி மறைக்கறதுதான் மச்சி அழுக்கு. அக்காகிட்ட நானே சொல்றேன்" என்றான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவன் தொடவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மல்லிகாக்கா வந்தார். கையில் எண்ணெய் பாட்டில், எள் முடிச்சு, புதுசாக ஒரு கறுப்புத் துணி. கடைசி வாரம் என்பதால் ரேவதியையும் அழைத்துவந்திருந்தார். அந்தப் பெண் டிராக் பேண்ட்டும் ஷூவுமாய் வாசலிலேயே நின்று காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா நேரே மூலைக்குப் போனார். நின்றார்.

"இன்னாடா பண்ணி வெச்சுக்கீறீங்க?"

சுரண்டி முன்னால் போனான். அன்றைக்குத்தான் அவன் சிவாயநம சொல்லாமல் ஒருவரை வரவேற்றதைப் பார்த்தேன்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். கை வெக்க மாட்டேன்னு சொன்னேன், வெச்சுட்டேன். இவரு சனீஸ்வரன் இல்லக்கா. இத்தினி நாளும் இல்ல."

"அப்ப நாப்பத்தேழு வாரம் நான் யாருக்கு ஏத்திக்கினு இருந்தேன்?"

"இவருக்குத்தாங்க்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்.

"மய பேஞ்சுச்சே, அன்னிக்கு வேளச்சேரியோட பஸ்ஸு நின்னுபோச்சு. அங்கருந்து முட்டியளவு தண்ணில நடந்தே வந்து ஏத்தினேன். அதுவும் வேற ஆளுக்கா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சங்கடம் கொடுத்திருக்கிறேன். அந்தம்மாவின் குரல் மாதிரி எதுவும் என்னைக் குத்தியதில்லை. சுரண்டி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. விபூதியெல்லாம் கோடு கோடாகக் கரைந்தது.

அக்கா சிலையை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "இவரு இன்னா பண்ணுவாரு?"

"புல்லு செதுக்குவாருக்கா."

வாசலில் ரேவதி சிரித்துவிட்டாள். அக்கா அவளை முறைத்துவிட்டு, "ஓட்டத்துக்கு எதுனா செய்வாரா?" என்றார்.

பொய் சொல்ல அருமையான சந்தர்ப்பம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சுரண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"தெரிலக்கா. ஆனா ஊர் ஊரா நடந்தே போனவரு. வயசான காலத்துல வடக்க கைலாசத்துக்கே நடந்தாராம். காலு தேஞ்சு போச்சுன்னு கையால ஊந்து போனாரு. கையும் போச்சுன்னு உருண்டு போனாரு. நிக்கவே இல்லக்கா. அவ்ளோ தூரம் நடந்தவருக்கு ஓடறவங்க கஸ்டம் தெரியாதா?"

அக்கா எழுந்தார். சிலைக்குக் கிட்டே போய், குனிந்து அந்தப் பாதங்களைப் பார்த்தார். சுரண்டி முதலில் வெளியே கொண்டுவந்த கட்டை விரலைத் தொட்டார்.

"காலு வலிச்சிருக்குமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "யாராயிருந்தா இன்னா? நாப்பத்தேழு வாரம் நான் பொலம்பினத மூஞ்சத் திருப்பாம கேட்டுக்கினு நின்னாரு இல்ல? எங்கூட்டுக்காரரு ஒரு நாளு நின்னதில்ல."

குருக்கள் தயங்கி, "அப்போ இந்தக் காக்காயை எடுத்துடலாமோ?" என்றார்.

"அது இன்னா சாமி பாவம் பண்ணுச்சு? அதுவுந்தான் கூட நின்னுச்சு. கெடக்கட்டும்."

கறுப்புத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். கழுத்துக்குத் தன் கூடையிலிருந்து முல்லைச் சரம் போட்டார். எள் விளக்கை ஏற்றினார். புதுத் திரி சடசடத்து, கறுப்புப் புகை ஒரு நூலாக எழுந்து, நாங்கள் ஒரு மத்தியானம் முழுக்கப் பாடுபட்டுத் தேய்த்த அந்தக் கல்லின் முழங்காலில் போய்ப் படிந்தது. நான் சுரண்டியைப் பார்த்தேன். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மூங்கில் பட்டையைத் தொட்டது. அக்காவும் கவனித்துவிட்டார்.

"இன்னா தம்பி, கை சும்மா இருக்க மாட்டேங்குதா? தொடைக்கணுமா?"

சுரண்டி கையை எடுத்துவிட்டான்.

"வேணாங்க்கா. அது அழுக்கு இல்ல. உங்க கையில பழகின கல்லு."

எனக்கு உப்புமா தின்ற ஒன்பது நாளும் அந்த நொடியில் செரித்துவிட்டன.

வேன் சரியாவதற்குள் லீவில் பாதி போய்விட்டது. கும்பகோணம் போகவே இல்லை. உழவாரத்தில் மண் ஒட்டியிருந்ததால் விடுதிக்குத் திரும்ப சுரண்டி சம்மதித்தான். வார்டன்தான் பாவம், எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை காலையிலிருந்து சுரண்டி போனைக் கையிலேயே வைத்திருந்தான். பதினோரு மணிக்கு அடித்தது. சிவாயநம சொல்ல வாயைத் திறப்பதற்குள், அறை முழுக்கக் கேட்கும்படி அக்கா கத்தினார்.

"ஓடிட்டாடா! ரெண்டு செகண்டு மிச்சம் வெச்சு ஓடிட்டாடா நைனா!"

அவன் போனை வைத்துவிட்டு வெளியே போனான். சாயங்காலத்துக்குள் விடுதியின் எல்லா ஜன்னல் கம்பிகளிலும் துரு காணாமல் போயிருந்தது. சந்தோஷம் வந்தாலும் அவனுக்கு அதே வியாதிதான்.

ரேவதி இப்போது போலீஸ்காரி. போன மாதம் நந்தனம் சிக்னலில் ஹெல்மெட் இல்லாமல் போய் அவளிடமே மாட்டினேன். பழைய கதையை ஞாபகப்படுத்தினேன். "காலையில நாலரை மணிக்கு எயுந்து ஓடினது நானு. சாமிங்களுக்குப் பங்கு பிரிச்சுக்கினு கீறீங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு அபராதம் போட்டாள். நியாயம்தான்.

அந்த வாரமே சனிக்கிழமை சைதாப்பேட்டைக் கோயிலுக்குப் போனேன். மல்லிகாக்கா இன்னும் விளக்கேற்றுகிறார். வேண்டுதல் எதுவும் இல்லை, பழக்கமாகிவிட்டது என்றார். தலைவர் மார்பு வரை பழையபடி கறுத்துவிட்டார். காகம் நலம். ஆனால் தோளில் சாய்ந்த உழவாரம் மட்டும் நேற்றுச் செதுக்கியது போலப் பளபளத்தது.

"அந்தத் தம்பி கோயமுத்தூர்ல வேலையில கீது இல்ல, லீவு வுட்டா வரும்" என்றார் அக்கா. "வேற ஒண்ணத்தியும் தொடாது. அத்த மட்டும் தொடச்சிட்டு, கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்துட்டுப் போவும். இன்னொரு தபா யாரும் ஆள மாத்திடக் கூடாதாம்."

வீட்டுக்குத் திரும்பினேன். அடையாறில் எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்து ஏழு மாதமாகிறது. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் அப்படியேதான் இருக்கிறது. ஓரமெல்லாம் அழுக்கேறிச் சுருண்டுவிட்டது. என் மனைவி தினமும் அதை உரிக்கப் போகிறாள், நான் தினமும் தடுக்கிறேன். அத்தையின் ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பொங்கல் லீவுக்குச் சுரண்டி வருகிறான். அவனை வெறும் கையோடு உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.